யாழ்ப்பாணத்தில் நற்கருணையும் திருவிருந்தும்: கோயிலிலும் வீட்டிலும் பெறுவதற்கான வழிமுறைகள்

ஒரே வீட்டில் மாமியார் கத்தோலிக்கராகவும், மருமகள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவராகவும், பேரன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவனாகவும் இருப்பது யாழ்ப்பாணத்தில் இன்று புதுமையன்று. எங்கள் வீடும் அப்படிப்பட்டதே. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த காலத்தில் அவருக்கு வீட்டிலேயே நன்மை (கத்தோலிக்கர் நற்கருணை என்றும் ஏனைய சபையார் திருவிருந்து என்றும் சொல்வது) கிடைக்க வழிசெய்வதற்கும், நாங்கள் ஒவ்வொருவரும் மற்றவருடைய ஆலயத்தில் எப்படி நடந்துகொள்வது என்று அறிவதற்கும் பலரைக் கேட்டு அலைய வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள், வேலை மாற்றத்தில் இங்கு வந்தவர்கள், சபை மாறித் திருமணம் செய்தவர்கள், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஆகியோருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குருவானவரிடமோ போதகரிடமோ கேட்க வேண்டியதை வழிபாட்டுக்கு முந்திய நாட்களில் கேளுங்கள். பீடத்தின் முன் வரிசையில் நிற்கும்போது உங்கள் நிலைமையை விளக்க இயலாது. அவருக்கும் அந்த நேரத்தில் ஆராய்ந்து முடிவெடுக்க இயலாது.

1. உங்கள் பெயர் எந்தச் சபையின் பதிவில் இருக்கிறது என்று பாருங்கள்

எங்கே ஞானஸ்நானம் பெற்றீர்கள், முதல்நன்மை (முதன்முறை நற்கருணை பெறுவது) அல்லது திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) நடந்ததா, திருமணம் எந்த முறையில் நடந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். அமெரிக்க மிசன் காலத்து ஆலயங்களில் சில தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் கீழும், சில அமெரிக்கன் இலங்கை மிசன் திருச்சபையின் கீழும் இருக்கின்றன. பாட்டனார் காலத்தில் குடும்பம் போன ஆலயம் இன்று எந்த நிருவாகத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே கடிதத்துக்கு அலையுங்கள். நல்லூர் புனித யாக்கோபு ஆலயம் போன்ற அங்கிலிக்கன் ஆலயங்கள் இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகையால் அங்கே திடப்படுத்தல் பெற விரும்புவோர் கொழும்பிலிருந்து ஆயர் வரும் நாளுக்காகக் காத்திருக்க நேரும். பல மாதங்களுக்கு முன்பே பெயரைக் கொடுத்துவையுங்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் நன்மை வாங்க எவரும் உங்களிடம் கடதாசி கேட்கப்போவதில்லை. பிள்ளையை முதல்நன்மைக்குச் சேர்க்கும்போதும், வேறு சபையிலிருந்து வந்து அங்கத்துவம் கேட்கும்போதும், புதிய பங்கில் (ஒரு கோயிலுக்குரிய எல்லையில்) குடியேறும்போதும்தான் ஆவணம் தேவைப்படும். கத்தோலிக்கர் ஞானஸ்நானச் சான்றிதழையும், முந்திய பங்குத்தந்தை தரும் கடிதத்தையும், திருமணமானவராயின் கோயில் விவாகச் சான்றிதழையும் வைத்திருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் ஞானஸ்நானத்துக்குச் சான்றாகா. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை ஆகியவற்றில் முந்திய போதகர் எழுதும் மாற்றுக் கடிதமே முக்கியம். அதில் நீங்கள் திருவிருந்தில் பங்குபெறும் அங்கத்தவர் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே வாசித்துப் பாருங்கள்.

இங்கே பலருக்கு உள்ள பெரிய சிக்கல், பதிவேடே இல்லாமற் போனது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் எல்லாக் கடதாசிகளையும் விட்டுவிட்டே ஓடின; சில இடங்களில் கோயிலும் பதிவேடும் சேர்ந்தே அழிந்தன. இதனால் மனம் சோர்ந்து நன்மை வாங்காமலே இருந்துவிட வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 876ஆம் பிரிவின்படி, எவருக்கும் பாதகம் விளையாத இடத்தில், ஐயத்துக்கு இடமில்லாத ஒரேயொரு சாட்சியின் வாக்குமூலமே ஞானஸ்நானத்துக்குப் போதுமான சான்றாகும். வளர்ந்த பின் ஞானஸ்நானம் பெற்றவராயின் அவருடைய சொந்தச் சத்தியமே போதும். ஞானத்தாய், ஞானத்தந்தை, அன்று கோயிலில் நின்ற உறவினர் ஆகியோரில் உயிருடன் இருப்பவரை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள். அவர்கள் முதியவர்களாக இருப்பார்கள். ஆகையால் இதைப் பிற்போடாதீர்கள். வேறு எந்த ஆவணத்துக்கும் இத்தனை அவசரம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். ஜெர்மனியில் திருச்சபை வரியைத் தவிர்ப்பதற்காக அரச அலுவலகத்தில் கையொப்பமிட்டு விலகிய கத்தோலிக்கர்கள் அருட்சாதனங்களை (நற்கருணை போன்ற திருச்சடங்குகளை) பெற முடியாது என்று அந்நாட்டு ஆயர்கள் 2012இல் ஆணை பிறப்பித்தார்கள். அப்படிச் செய்தவர் ஊருக்கு வந்து நன்மை வாங்குவதற்கு முன் இங்குள்ள குருவானவரிடம் அதைத் திறந்து பேசுவதே நல்லது.

3. கத்தோலிக்கக் கோயிலில்

நன்மை வாங்குவதற்கு முந்திய ஒரு மணி நேரம் உணவும் பானமும் உட்கொள்ளக் கூடாது. கணக்கு பூசை தொடங்கும் நேரத்திலிருந்தன்று, நன்மை வாங்கும் நேரத்திலிருந்தே எண்ணப்படும். தண்ணீரும் மருந்தும் இதற்குத் தடையில்லை. முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் இந்த ஒரு மணி நேரக் கட்டுப்பாடும் இல்லை. நம் ஊர் அம்மம்மாமார் பலர் இன்னும் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் பூசைக்கு வருகிறார்கள். நீரிழிவுள்ள ஒருவர் இப்படி வந்து பூசை நடுவில் மயங்கி விழுவதைத் திருச்சபை கேட்கவில்லை என்பதை வீட்டிலுள்ளவர்கள் அவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

சாவான பாவம் (கனமான பாவம்) உண்டென்று மனச்சாட்சி சொன்னால் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும். மடுத் திருவிழா போன்ற நாட்களில் அதற்கான வரிசை மிக நீளும் என்பதால், ஊரில் சாதாரண நாளொன்றில் செய்துகொண்டு பயணம் புறப்படுவது நன்று.

வரிசையில் போகும்போது, நாவில் வாங்குவது எங்கும் ஏற்கப்படும். கையில் வாங்குவது அந்தக் கோயிலின் வழக்கமா என்பதை முன்னால் போகிறவர்களைப் பார்த்து அறியுங்கள். கையில் வாங்கினால் வலது கையின் மேல் இடது கையை வைத்து ஏந்தி, “கிறிஸ்துவின் திருவுடல்” என்று சொல்லப்படும்போது “ஆமென்” என்று மறுமொழி கூறி, அவ்விடத்திலேயே நின்று உட்கொள்ள வேண்டும். ஓஸ்தியை (நன்மையாகத் தரப்படும் மெல்லிய அப்பத்தை) கைக்குட்டையில் சுற்றி வீட்டிலுள்ள நோயாளிக்கு என்று கொண்டுபோவது கடுமையான தவறு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது தவறே. அதற்குரிய வழி ஆறாம் படியில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டாம் முறை நன்மை வாங்கலாம், ஆனால் அந்த இரண்டாம் முறை நீங்கள் பங்கெடுக்கும் பூசைக்குள் நடைபெற வேண்டும். காலையில் ஞாயிறு பூசையும் மாலையில் உறவினரின் 31ஆம் நாள் திருப்பலியும் வரும்போது இது பயன்படும்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் வழி உண்டு. ஓஸ்தி கோதுமையாலேயே செய்யப்பட வேண்டும்; அரிசி மாவு ஓஸ்தி செல்லாது. ஆனால் குளூட்டன் மிகக் குறைந்த ஓஸ்தி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதுவும் கிடைக்காதபோது கிண்ணத்திலிருந்து மட்டும் பெறலாம். பூசைக்குச் சில நாட்களுக்கு முன்பே குருவானவருக்குச் சொல்லிவைத்தால்தான் அவர் தனிக் கிண்ணத்துக்கு ஒழுங்கு செய்ய முடியும்.

கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் பூசையில் முழுமையாக அமர்ந்து செபிக்கலாம், பாடலாம். நன்மை வாங்குவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. மரண ஆபத்திலோ, ஆயர் ஏற்கும் வேறு கடுந்தேவையிலோ, தம் சொந்தக் குருவை அணுக முடியாத நிலையில், தாமாகவே கேட்டு, நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படுத்துகிற ஒருவருக்கு விலக்கு உண்டு. மருமகள் என்பதால், திருமண வீட்டார் என்பதால் என்று விலக்குக் கிடையாது. இது எங்கள் வீட்டில் வேதனை தந்த விடயம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் விதியை முன்னரே அறிந்து வாங்கில் அமைதியாக அமர்ந்திருப்பது, அறியாமல் வரிசையில் போய் வெறுங்கையோடு திரும்புவதைவிட எவ்வளவோ மேல்.

கலப்புத் திருமணம் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். கத்தோலிக்கர் ஒருவர் ஆயரில்ல அனுமதியின்றி வேறு சபையில் திருமணம் செய்திருந்தாலோ, பதிவுத் திருமணத்தோடு நிறுத்தியிருந்தாலோ, அதைச் சீர்செய்யும் வரை அவர் நன்மை வாங்க இயலாது. பெரும்பாலான இடங்களில் சீர்செய்ய வழி இருக்கிறது. இருவரின் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் விவாகப் பதிவுப் பிரதியும் கொண்டு பங்குத்தந்தையிடம் போனால், ஆயரில்லத்துக்கு எழுதி ஆவன செய்வது அவர் பொறுப்பு. காலம் எடுக்கும், பிள்ளையின் முதல்நன்மைக்கு முந்திய வாரத்தில் இதைத் தொடங்கினால் நடவாது.

சைவ நண்பர்களைப் பூசைக்கு அழைத்துப் போகிறவர்கள், வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அவர்களுக்கு விளக்கிவிடுங்கள். கோயிலில் பிரசாதத்துக்குக் கைநீட்டுவதுபோல் அவர்கள் பக்தியோடு எழுந்து வரிசையில் சேர்ந்துவிடக் கூடும். பிழை அவர்களுடையதன்று, சொல்லாமல் விட்டவருடையது.

4. தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆலயங்களில்

இவற்றில் எல்லா ஞாயிறும் திருவிருந்து நடக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பல ஆலயங்களில் மாதத்தின் முதல் ஞாயிறே திருவிருந்து ஞாயிறு. அங்கிலிக்கன் ஆலயங்களில் இது அடிக்கடி நடைபெறும். ஒரு போதகர் பல ஆலயங்களைக் கவனிக்கும் இடங்களில் நாள் மாறும் என்பதால், முந்திய ஞாயிறு அறிவித்தலைக் கேளுங்கள்.

தம் சொந்தச் சபையில் திருவிருந்தில் பங்குபெறும் வேறு சபையினரை இம்மூன்றும் பொதுவாக வரவேற்கின்றன. வழிபாட்டுக்கு முன் போதகரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது மரியாதை. ஆனால் கத்தோலிக்கர் ஒருவர் இந்தப் பந்தியில் பங்குபெறுவதை அவருடைய சொந்தத் திருச்சபை அனுமதிப்பதில்லை. அழைப்பு ஒரு பக்கமிருந்து வந்தாலும் தடை மறுபக்கத்தில் இருக்கிறது. அழைக்கும் உறவினர்களும் இதை அறிந்து, வற்புறுத்தாமல் விடுவது அன்பு.

பீடத்தின் முன்னுள்ள கிராதியில் முழங்காற்படியிட்டு, உள்ளங்கையில் அப்பத்தைப் பெற வேண்டும். திராட்சை இரசம் சில ஆலயங்களில் பொதுக் கிண்ணத்திலும், சிலவற்றில் சிறு தனிக் கிண்ணங்களிலும் தரப்படும். தனிக் கிண்ணமாயின் அருந்தியபின் அதைத் தட்டிலேயே வையுங்கள். மெதடிஸ்தர் பொதுவாகப் புளிக்காத திராட்சைச் சாற்றையே பயன்படுத்துகிறார்கள். அங்கிலிக்கன் ஆலயங்களில் திராட்சை மதுவே வழக்கம். மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர் எங்கே எது தரப்படுகிறது என்று கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை; அப்பத்தை மட்டும் பெற்றாலும் அது முழுமையான பங்குபெறுதலே.

5. பெந்தெகொஸ்தே சபைகளிலும் ஏனைய கூடுகைகளிலும்

பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கே கர்த்தருடைய பந்தியைத் தருகின்றன. குழந்தையாக இருந்தபோது தெளிப்பு முறையில் பெற்றதைப் பல சபைகள் கணக்கில் எடுப்பதில்லை. பந்திக்காக மட்டும் மீண்டும் முழுக்குப் பெற முன்வருகிறவர்கள், கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த திருச்சபைகள் ஞானஸ்நானம் ஒருமுறையே என்று கொள்கின்றன என்பதை நினைவில் வைத்து, இரு பக்கத்துப் போதகர்களோடும் பேசி முடிவெடுக்க வேண்டும். சகோதர சபைகளுக்குப் போகிறவர்கள் தம் சபையின் அறிமுகக் கடிதத்தைக் கையில் கொண்டுபோக வேண்டும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்துகள் பந்திக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவுவார்கள். இரட்சணிய சேனையின் ஆராதனையில் திருவிருந்து நடைபெறுவதில்லை.

6. வீட்டிலுள்ள நோயாளிக்கு

கத்தோலிக்கப் பங்குகளில் மாதத்தின் முதல் வெள்ளியை ஒட்டி நோயாளரின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோவது வழக்கம். அந்தப் பட்டியலில் பெயர் சேர, பங்குத்தந்தைக்கோ கோயில் மூப்பருக்கோ அதற்கு முந்திய ஞாயிறுக்குள் அறிவியுங்கள். அறிவிக்கும்போது நோயாளியின் பெயர், வீட்டுக்கு வரும் ஒழுங்கையும் அடையாளமும், அவர் தெளிவாக விழித்திருக்கும் நேரம், பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறாரா என்பது, விழுங்கச் சிரமப்படுகிறாரா என்பது, வீட்டில் வேறு எத்தனை பேர் நன்மை வாங்குவார்கள் என்பது ஆகியவற்றை எழுதியே கொடுங்கள். வாய்ச்சொல் வழியில் தொலைந்துபோகும். பராமரிப்பவர்களும் பூசைக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் அடைபட்டிருப்பார்கள். அவர்களும் ஆயத்தமாயின் அதே வேளையில் நன்மை வாங்கலாம். ஆனால் எண்ணிக்கை முன்பே தெரியாவிட்டால் நற்கருணை கொண்டுவரும் சிமிழில் ஓஸ்தி போதாது.

வருகிறவர் குருவாகவும் இருக்கலாம், தியாக்கோனாகவும் (திருத்தொண்டர்) இருக்கலாம், நியமிக்கப்பட்ட நற்கருணைப் பணியாளராகவும் இருக்கலாம். பணியாளரால் நன்மை கொடுக்க முடியும். பாவசங்கீர்த்தனம் கேட்கவும் நோயில் பூசவும் (நோயாளிக்குப் புனித எண்ணெய் பூசிச் செபிக்கவும்) குருவால் மட்டுமே முடியும். உங்களுக்கு எது தேவை என்பதைச் சொல்லாமல் விட்டு, பணியாளர் வந்த பிறகு ஏமாறும் குடும்பங்கள் பல.

அறையில் ஒரு சிறு மேசையை வைத்து வெள்ளை விரிப்பு விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்) இரண்டு மெழுகுதிரிகளும் தீர்த்தமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு சிறு கரண்டியும் வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒட்சிசன் கொடுக்கப்படும் நோயாளியின் அறையில் மெழுகுதிரி ஏற்றவே கூடாது. படலையைத் திறந்து, நாயைக் கட்டி, தொலைக்காட்சியை நிறுத்தி, வந்தவரை நேரே நோயாளியிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் நெஞ்சோடு அணைத்து வருவது நற்கருணை ஆகையால், விறாந்தையில் நிறுத்திக் குடும்ப நியாயம் பேசவோ தேத்தண்ணிக்கு வற்புறுத்தவோ வேண்டாம். அவருக்கு அடுத்த வீடும் இருக்கும். பாவசங்கீர்த்தன நேரத்தில் எல்லோரும் அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்துங்கள். காது கேளாத முதியவர் உரத்துப் பேசுவார் என்பதால் அடுத்த அறையும் போதாது, முற்றத்துக்கே போங்கள். சைவ உறவினர்கள் அறையில் நின்று வணங்குவதில் தடை எதுவுமில்லை.

விழுங்க முடியாதவருக்கு ஓஸ்தியின் மிகச் சிறிய துண்டொன்றைக் கரண்டியில் தண்ணீரோடு கொடுக்கலாம். அப்பத்தை விழுங்கவே இயலாதவர்க்குத் திருஇரத்தம் சில துளிகளாகத் தரப்பட அனுமதி உண்டு. ஆனால் அதற்குக் குரு முன்னரே ஒழுங்கு செய்ய வேண்டும். மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவராயின், வாயால் ஏதும் கொடுக்கலாமா என்று முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். ஓஸ்தி விழுந்துவிட்டால் குப்பையில் போடாமல், வந்தவரிடமே ஒப்படையுங்கள்.

குருவை அழைத்தால் மரணம் நெருங்கிவிட்டதாக நோயாளி அஞ்சுவார் என்று நினைத்து, நினைவு தப்பும் வரை காத்திருக்கிறார்கள். என் மனத்தை மிக வருத்துவது இதுவே. நினைவற்றவருக்கு நோயில் பூசலாம். நன்மை கொடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் பூசையைத் தவறவிடாத ஒருவர் கடைசி நன்மை இல்லாமல் போவது, அயலவர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தால் நேரக் கூடாது. சத்திரசிகிச்சைக்கு முன்பே, நோய் முற்றுவதற்கு முன்பே அழையுங்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்தில் நாட்கணக்கு வேறு. பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் நோயாளருக்கு எந்நேரமும் நற்கருணை கொண்டுவரலாம். பெரிய சனியன்று மரணத் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமே தரப்படும். ஆகையால் படுக்கையில் இருப்பவருக்கு வியாழன் அல்லது வெள்ளிக்கே கேட்டுவையுங்கள்.

தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன் போதகர்களும் வீட்டுக்கு வந்து சுருக்கமான திருவிருந்து ஆராதனை நடத்துவார்கள். தேவையான அப்பத்தையும் இரசத்தையும் அவர்களே கொண்டுவருவார்கள். மேசையும் விரிப்பும் போதும். பெந்தெகொஸ்தே போதகர்கள் பெரும்பாலும் மூப்பரோடு வந்து எண்ணெய் பூசிச் செபித்துவிட்டு அப்பம் பகிர்வார்கள்.

7. வைத்தியசாலையிலும் தீவுகளிலும்

யாழ் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவருக்கு, வாட்டின் பெயரையும் இலக்கத்தையும் கட்டில் இலக்கத்தையும் குருவுக்கு அனுப்பிவிட்டு, வாட்டுக்குப் பொறுப்பான தாதிக்கும் சொல்லிவையுங்கள். பார்வையாளர் நேரத்துக்கு வெளியே வர வேண்டியிருந்தால் இந்த ஒரு வார்த்தை வாசலில் உண்டாகும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும். தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் தம் சொந்தப் பங்குக் குருவுக்காகக் காத்திராமல், அருகிலுள்ள பங்கில் கேட்கலாம். நெடுந்தீவில் இருப்பவர்கள் குறிகட்டுவானிலிருந்து வரும் படகையும் கடலின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றுக் காலத்தில் கடைசி நேர அழைப்பு பலிக்காது.

8. போதகர் இல்லாமல் வீட்டில் தாமாகவே

2020இல் ஊரடங்கின்போது இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. கத்தோலிக்க, அங்கிலிக்கன் முறைகளில் குருவின்றி வீட்டில் வைக்கும் அப்பமும் இரசமும் நற்கருணை ஆகா. பூசையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் ஆசை நன்மைச் செபத்தை (நன்மை வாங்கும் ஆவலை மனத்தால் வெளிப்படுத்தும் செபம்) சொல்வதே முறை. சில சுயாதீன சபைகள் குடும்பத் தலைவர் அப்பம் பிட்டுக் கொடுப்பதை ஏற்கின்றன. உங்கள் போதகர் அதை அனுமதிக்கிறாரா என்று கேட்டபின் மட்டும் செய்யுங்கள். அப்படிச் செய்வதாயின் திராட்சைச் சாறே வேண்டும். வீட்டில் தோலகட்டி நெல்லிரசம் இருக்கிறது என்பதற்காக அதை ஊற்றிவிடாதீர்கள்.

9. செலவு

நற்கருணைக்கும் திருவிருந்துக்கும் விலை இல்லை. எந்தச் சபையிலும் பணம் கொடுத்தால்தான் தரப்படும் என்று எவராவது சொன்னால் அவருக்கு மேலுள்ளவரிடம் சொல்லுங்கள். பூசைக் காணிக்கை உங்கள் விருப்பம். வறுமையால் ஒருவர் அருட்சாதனத்தை இழக்கக் கூடாது என்பதும் திருச்சபைச் சட்டமே. வீட்டுக்கு வருபவருக்கு ஓட்டோக் காசை ஒரு கடித உறையில் வைத்துக் கொடுப்பது நல்ல வழக்கம். நோயாளியின் கட்டிலருகே அன்று, படலையடியில் கொடுங்கள். சான்றிதழ்ப் பிரதிகளுக்குச் சிறு கட்டணம் இருக்கலாம். சபை அங்கத்தவருக்குரிய சந்தா நிலுவை இருந்தால், மாற்றுக் கடிதம் கேட்கப் போகும் முன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

உண்மையான செலவு முதல்நன்மை நாளில்தான் ஏறுகிறது. வெள்ளைச் சட்டை, முடி, அலங்கரித்த மெழுகுதிரி, வீடியோ, மண்டபச் சாப்பாடு என்று கடன்படும் குடும்பங்களைப் பார்க்கிறோம். கோயில் கேட்பது ஞானஸ்நானச் சான்றிதழையும், மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாத வருகையையும், முதற் பாவசங்கீர்த்தனத்தையும் மட்டுமே. மற்ற யாவும் உங்கள் தெரிவு. அக்காவின் சட்டையைத் தோய்த்து மினுக்கி உடுத்திவிட்டாலும் பிள்ளைக்குக் கிடைப்பது அதே நன்மைதான். மறைக்கல்வி வகுப்பு மாதக்கணக்கில் நடக்கும் என்பதால், விடுமுறையில் வெளிநாட்டிலிருந்து வந்து சில வாரங்களுக்குள் முதல்நன்மை கொடுப்பிக்க நினைப்பவர்கள், பிள்ளை அங்கே வகுப்பை முடித்ததற்கான கடிதத்தையும் அங்குள்ள பங்குத்தந்தையின் சம்மதத்தையும் கையோடு கொண்டு வர வேண்டும்; விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்பே இங்குள்ள பங்குத்தந்தைக்கு எழுதித் திகதியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.